வேலிக்கு அங்குட்டு

அக்கா,

இன்று காலை தகடு கழுவும் தண்ணீர் ஓஸைச் சுருட்டி வைக்கப் போனபோது வேலியில் ஓர் இடம் மட்டும் மின்னியது. மற்ற கம்பியெல்லாம் துருவேறிச் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் புதுக்கம்பி. அப்போதுதான் ஏறிய வெயில் அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தது. தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். தலை குனிந்தே போயிருக்கிறேன் போல. உங்களைத் தூக்கிக்கொண்டு போன வழி அது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் யாருக்கும் எதுவும் எழுதியதில்லை. அப்பா போன பிறகு அம்மாவுக்கும் முடியாமல் போய்விட்டது, வீட்டில் வேறு ஆள் இல்லை. இப்போது எழுதுவதும் சரியாக வருமா என்று தெரியவில்லை. ஆனால் நேரில் உங்களிடம் பேசியதைவிட இதில் அதிகம் பேசுவேன். நேரில் எனக்கும் சேர்த்து நீங்கள்தானே பேசினீர்கள்.

முதல் நாள் வேலைக்குப் போன வேன் ஞாபகம் இருக்கிறதா? கீழச்சிவல்பட்டி விலக்கில் நீங்கள் ஏறினீர்கள். இடமில்லாமல் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். என் பெயரைக் கேட்டீர்கள். நான் சொன்னது வேன் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. "ஏத்தா, வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றீர்கள். வேன் முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் உடனே தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு கந்தரப்பத்தை என் கையில் வைத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர், முந்தின நாள் ஏதோ விசேஷத்தில் மிஞ்சியது. "தின்னு. பேசுறத அப்புறம் பாத்துக்கலாம்."

இறங்கியதும் நீங்கள் மேஸ்திரியிடம் கேட்ட முதல் கேள்வியும் மறக்கவில்லை. "எங்க உக்காந்து சாப்புடணும்?" சம்பளத்தைக் கேட்கவில்லை, வேலை நேரத்தைக் கேட்கவில்லை. மேஸ்திரி முழித்தார். "இம்புட்டுப் பெரிய பொட்டலு கெடக்கு, எங்கிட்டாவது உக்காந்து சாப்புடுங்க" என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பி, வலது கையைக் காட்டி, ஒரு விரலைக்கூட மடக்காமல் விரித்தே வைத்துக்கொண்டீர்கள். அதற்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பொட்டலில் இரண்டு சோலார் கம்பெனிகள். நடுவில் ஒரே ஒரு கம்பிவேலி. அங்குட்டும் இங்குட்டும் ஒரே மாதிரித் தகடுகள், ஒரே வெயில். வேலை செய்கிற பெண்களும் ஒரே ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஆனால் கம்பெனி வேறு, வாசல் வேறு, சட்டை நிறம் வேறு. உங்கள் வலது கை நம் கம்பெனி, இடது கை அங்குட்டு கம்பெனி. ஏதாவது நல்லது கேள்விப்பட்டால் அந்தக் கையில் ஒரு விரலை மடக்குவீர்கள். கெட்டது கேள்விப்பட்டால் மடக்கிய விரல் நிமிரும்.

கேள்விப்படுவதற்கு வழியும் வைத்திருந்தீர்கள். அங்குட்டு வேலை பார்த்த ஜரினா அக்காவுக்குப் பலகாரத்தை வேலிக்கு மேலாக நீட்டுவீர்கள்.

"என்னத்தா, இன்னைக்கு உங்க பக்கம் மோரா, தண்ணியா?"

"மோருதான். உப்பத்தான் காணோம்."

"உப்பு நான் தாரேன், மோர இங்குட்டு நீட்டு."

அப்போது இடது கையில் ஒரு விரல் மடங்கியது. தகரம் போட்ட கொட்டகை, அதில் பெஞ்சு என்று இன்னொரு விரல். பெண்களுக்குக் கதவு உள்ள கக்கூஸ் என்று இன்னொன்று. பத்து மணிக்கு மேல் வெயிலில் ஆள் நிற்கக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது என்றபோது நீங்கள் விரலை மடக்காமல் சும்மா நின்றீர்கள். நம்பவில்லை.

ஜரினா அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. "இங்க மட்டும் என்ன சொர்க்கமா? கைரேக மிசினுல செத்த பிந்துனா அரைநாளு போச்சு. செல்போன வாசல்லயே வாங்கி வச்சிருவாக. பிள்ளைக்குக் காச்சலுன்னு பள்ளியோடத்துல இருந்து கூப்புட்டா, எனக்குச் சாயங்காலம்தான் தெரியும்."

அன்றைக்கு இடது கையில் ஒரு விரல் நிமிர்ந்தது, வலது கையில் ஒன்று மடங்கியது. "நம்ம மேஸ்திரி பிந்தி வந்தா வைவாரு. வஞ்சிட்டு வேலையக் குடுத்துருவாரு. வாயிதான் மோசம்" என்றீர்கள். நியாயம் தவறாமல்தான் எடை போட்டீர்கள்.

நம் வேலை உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் எழுதுகிறேன். கிழக்கு வெளுக்கும் முன்பே தகடு கழுவத் தொடங்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். சுட்ட கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று மேஸ்திரி முதல் நாளே பயமுறுத்தியிருந்தார். ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. வெயில் வந்ததும் ஓஸை விட்டுவிட்டு அரிவாளை எடுக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் காய்ந்து கிடக்கும் புல்லை அறுக்க வேண்டும், தீப்பிடித்துவிடும் என்று. அது உச்சிவெயில் வரைக்கும் போகும்.

"கண்ணாடிக்கு வெயிலும் தண்ணியும் சேந்தா ஆகாதாம், ஒதுக்கி ஒதுக்கிப் பாக்குறாக" என்பீர்கள். "நம்மளப் பாரு, எதுவும் ஆகும்."

பங்குனியில் ஒருநாள் நீங்களே அங்குட்டு கம்பெனி வாசலுக்குப் போய் வேலை கேட்டுவிட்டு வந்தீர்கள். வேனில் சொன்னீர்கள், சிரித்துக்கொண்டே. அவர்கள் உடனே வரச்சொன்னார்களாம். "எங்கூட ஒரு புள்ள வரும்" என்று நீங்கள் சொன்னீர்களாம். வயது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஆவணியில்தான் எனக்குப் பதினெட்டு. அதற்கு முன்னால் எடுக்க மாட்டார்களாம், ஆதாரைப் பார்ப்பார்களாம். நம் கம்பெனியில் என் வயதை யாருமே கேட்கவில்லை.

"அப்ப நீங்க போங்கக்கா" என்றேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டப்பட்டு வந்த வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும்.

"நான் மட்டும் போயி? அங்க எல்லாப் பயலும் பேசுவான். நீ பேசாம இருந்தாத்தான எனக்குப் பேச எடம் கெடைக்கும். ஆவணி பொறக்கட்டும். பிள்ளையார்பட்டிக்குப் போயி ஒரு தேங்காய ஒடச்சுட்டு, ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

வேனில் யாரோ, "ஆத்தாடி, பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்து வச்ச மாதிரியில்ல நாளு குறிக்கிறீக" என்றார்கள். "ஆமா, மாப்பிள்ளைக்குக் கக்கூஸ் இருக்கு, கொட்டகை இருக்கு, வேறென்ன வேணும்?" என்றீர்கள்.

சித்திரை வந்தது. நாளைக்குப் பெரிய ஆபீசர் வருகிறார் என்று ஒருநாள் மேஸ்திரி அவசரப்படுத்தினார். நீங்கள் குனிந்து அறுத்தபடியே அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தீர்கள். "மேஸ்திரி, நீங்க கொடையில நிக்கிறீக, அந்தக் கொடையத் தகட்டுக்குப் புடிச்சாலும் புண்ணியம் உண்டு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார்.

நான் முதலில் கவனித்தது சத்தத்தைத்தான். உங்கள் சத்தம் இல்லை. அரிவாள்கள் கரகரவென்று புல்லில் ஓடின, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் நீங்கள் தகட்டுக்கு அடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். நிழலுக்கு உட்கார்ந்தீர்கள் என்றுதான் நினைத்தேன். கையைத் தொட்டேன். நெருப்பாகச் சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

நான் கத்தினேன் அக்கா. நான்தான். எல்லோரும் ஓடி வந்தார்கள். ஓஸைத் திறந்து தலையில் ஊற்றினோம். அந்தப் பதற்றத்திலும் ஒருத்தி தன் துண்டை எடுத்து மேலே கண்ணாடியில் விரித்தாள், தண்ணீர் தெறித்துவிடக் கூடாது என்று. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. யாருக்கும் தப்பாகவும் படவில்லை. நாங்கள் எல்லோருமே கண்ணாடியில் படாமல் குனிந்து குனிந்துதான் உங்கள்மேல் தண்ணீர் ஊற்றினோம். கை அப்படிப் பழகியிருந்தது. இப்போதும் தூக்கத்தில் அந்தத் துண்டு வருகிறது.

வேன் சாமான் வாங்கக் காரைக்குடிக்குப் போயிருந்தது. மேஸ்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார். வேலிக்கு அங்குட்டு ஜரினா அக்கா கொட்டகையிலிருந்து பார்த்துவிட்டு அலறினார். அவர்கள் வாட்ச்மேன் ஒரு கட்டரோடு ஓடி வந்தார். யாரையும் கேட்கவில்லை. கம்பியை வெட்டினார். மேஸ்திரி உங்கள் தோளைப் பிடித்தார், நான் காலைப் பிடித்தேன். அந்த ஓட்டை வழியாக உங்களை அங்குட்டு கம்பெனி ஜீப்பில் ஏற்றினோம். நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் போகவேண்டிய இடம்தான் அது.

ஜீப்பில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. நான் விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பொழுது சாயும்போது டாக்டர் வெளியே வந்து, உயிர் இல்லை, வெயில்தான் என்றார்.

அந்த வாரமே வேலியை அடைத்துவிட்டார்கள். கம்பியை வெட்டியதற்கு அந்த வாட்ச்மேனுக்கு அவர்கள் கம்பெனியில் மெமோ கொடுத்தார்களாம். வெட்ட விட்டதற்கு நம் மேஸ்திரிக்கு ஏச்சு. வேலிச் செலவை இரண்டு கம்பெனியும் பாதிப்பாதியாக ஏற்றுக்கொண்டதாக ஜரினா அக்கா சொன்னார். எனக்குத் தெரிந்து இரண்டும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது. நம் பக்கம் கொட்டகை இன்னும் வரவில்லை. உச்சிவெயிலில் புல் அறுப்பும் நிற்கவில்லை.

ஆனால் என்னை மேஸ்திரி வெயிலில் விடுவதில்லை. அவர் முகம் பழைய மாதிரி இல்லை. போன வாரம் கூப்பிட்டு, "ஆத்தா, நீ எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ள. அந்தக் கொடைக்குக் கீழ உக்காந்து வந்தவுக பேர எழுது, போதும்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அம்மா கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "தெரிஞ்ச எடம். நெழலு வேற குடுக்குறாக. அங்குட்டுப் போயி புதுசா யார்கிட்ட என்னத்தப் பேசுவ நீ? உனக்குத்தான் வாயே கெடையாதே" என்றார்.

அம்மா சொன்னது பொய்யில்லை. ஆவணி பிறந்து எனக்குப் பதினெட்டும் ஆகிவிட்டது. ஆதார் நகலை மடித்துத் தூக்குச்சட்டிப் பையில் வைத்துக்கொண்டே வந்து போகிறேன். வேனை விட்டு இறங்கினால் இடது பக்கம் அந்த வாசல், வலது பக்கம் நம் வாசல். கால் தானாக வலது பக்கம் திரும்பிவிடும். குடைக்குக் கீழே உட்கார்ந்து பெயர் எழுதுவேன். எழுதிய பெயரெல்லாம் எழுந்து அரிவாளோடு வெயிலுக்குள் போகும். அந்தக் குடைக்குக் கீழே ஓர் ஆள்தான் உட்கார முடியும்.

கையை விரித்து வைத்து நானும் மடக்கிப் பார்த்தேன் அக்கா. தெரிந்த மேஸ்திரி, வலது கையில் ஒன்று. குடை, இன்னொன்று. அதை மடக்கிய பிறகு நிமிர்த்திவிட்டேன். அது எனக்கு மட்டும் கொடுத்தது. கம்பெனி கொடுத்ததில் சேராது. இடது கையில் கொட்டகை, கக்கூஸ், மோர். மிசினுக்கு ஒன்று நிமிர்ந்தது. மெமோவுக்கு இன்னொன்று நிமிர்ந்தது. பத்து மணிச் சட்டத்துக்கு மட்டும் நீங்கள் மடக்காமல் விட்ட விரலை நான் மடக்கினேன். அன்றைக்கு அவர்கள் எல்லோரும் கொட்டகைக்குள் இருந்ததால்தான் ஜரினா அக்காவால் உங்களைப் பார்க்க முடிந்தது.

இன்று புதுக்கம்பியைப் பார்த்த பிறகு ஓஸை அதன் இடத்தில் வைத்தேன். மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிக்கொண்டேன். அவர் குடையை மடக்கினார். வேலியைச் சுற்றிக்கொண்டு அங்குட்டு வாசலுக்கு நடந்தேன். கம்பியை வெட்டிய அதே வாட்ச்மேன்தான் நின்றார். "யாரத்தா வேணும்?" என்றார். ஆதாரை நீட்டினேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூட்டிப் போனார்.

மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயரையும் பிறந்த தேதியையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். சம்பளத்தைச் சொன்னார், மிசினைக் காட்டினார், செல்போன் இங்கே வைக்க வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன். "ஏதாச்சும் கேக்கணுமாம்மா?" என்றார்.

வாட்ச்மேன் எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான், அவர்கள் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, "எங்க உக்காந்து சாப்புடணும்?" என்று கேட்டேன்.