நிக்கல் தோசை

அக்கா,

இன்று காலை உன் இடுக்கியால் புருவம் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நீ சிலிக்கன் தகடு தூக்குகிற இடுக்கி, கண்டால் கொன்றிருப்பாய். அந்த நேரம் தபால்காரர் படலையடியில் நின்று உன் பெயரைக் கூப்பிட்டார்.

"அவ செத்துப்போனா. நான் வாங்கலாமோ?"

"ஆராவது கையெழுத்து வைச்சாச் சரி, பிள்ளை."

வைத்தேன். உன் காப்புரிமை மனு தள்ளுபடி.

நாலு வருடத்துக்கு முன், பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து பஸ்ஸில் கரவெட்டி வீட்டுக்கு வந்து, சோற்றுக்கோப்பைக்கு முன்னாலும் நீ அந்தக் கதைதான் கதைப்பாய். சிலிக்கனில் நிக்கலைப் பூசிச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து சிலிசைட் என்ற படலமாகும்; மின்சாரம் அதன்வழி சுகமாக உள்ளே போகும். அது எல்லாரும் செய்வது. நீ நடுவில் இன்னொரு மெல்லிய உலோகத்தை வைத்தாய். சூடு கூடினாலும் படலம் திட்டுத்திட்டாகத் திரண்டு கெடவில்லை. அந்த ஒன்றுதான் உன்னுடையது, உன் பெயரில் வரவேண்டியது.

எனக்கு அது பகிடி. உன் வெள்ளை அங்கியை மாட்டி, தோசைக்கரண்டியோடு, உன் கொப்பியைச் சமையல் குறிப்புப் போல ஃபோனுக்கு முன்னால் வாசித்தேன்: எந்த உலோகம், எவ்வளவு சூடு, எத்தனை செக்கன். தலைப்பு, 'நிக்கல் தோசை'. ஃபோன் ஓடிக்கொண்டிருக்கவே நீ பாய்ந்து வந்தாய்.

"எடியே, உந்த வீடியோவை நெற்றிலை போட்டிடாதை! நான் இன்னும் பதியேல்லை."

"ஓம் அக்கா, போடமாட்டன்."

அன்றே, ஒன்றும் வெட்டாமல் அப்படியே போட்டேன். பதினொரு தடவை பார்க்கப்பட்டது; அதில் எட்டுத் தடவை நான்.

இரண்டு வருடம் கழித்து நீ மனுப் போட்டாய். எதிர்த்து வந்த வெளிநாட்டுக் கம்பனி என் தோசையைத் தோண்டி எடுத்தது. மனுவுக்கு முன்பே ஊரறிய வெளிவந்தது புதுக் கண்டுபிடிப்பு அல்லவாம். கம்பனியின் அந்த எதிர்ப்புக் கடதாசியோடு நீ என்னைப் பார்த்தாய். நான் பல்லைக் காட்டினேன்.

"பாத்தியே, கண்டுபிடிச்சது நீயில்லையாம், நானாம்."

அதோடு என்னுடன் கதைப்பதை விட்டாய். பிறகு மாரி மழையோடு டெங்கு. ஆஸ்பத்திரியில் நான் கதவடிக்கு வர, அம்மாவிடம் சொன்னாய்: "உவளை வெளியிலை நிக்கச் சொல்லுங்கோ." நின்றேன். உன்னை வெளியே கொண்டுவரும் வரைக்கும் நின்றேன்.

செய்முறை முழுவதும் காணொளியில் தெளிவாக வாசிக்கப்பட்டிருக்கிறது என்று இன்று வந்த கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் என் வாசிப்பை ஒருவரும் இப்படிப் புகழ்ந்ததில்லை.

இப்போது அதை அழிக்கலாம், எதுவும் மாறாது. ஆனால் நீ என்னோடு கதைப்பது இனி அதில் மட்டும்தான். போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ பாய்ந்து வருகிறாய், போட்டிடாதை என்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான், ஓம் அக்கா என்கிறேன்.