சாப்பாட்டு ரூம் சுவத்துல மாட்டின நாலாவது படம்

செங்கல்பட்டு
10.8.2003

அன்பு மகள் பிரபாவதிக்கு நைனா எழுதிக்கறது. இந்தக் கையெழுத்தப் பாத்ததும் வூட்ல யாருக்கு இன்னா ஆச்சோன்னு பதறாத, இங்க எல்லாரும் உடம்பளவுல சௌக்கியமாத்தான் கீறோம், அங்க மஸ்கட்டுல நீயும் உன் வூட்டுக்காரரும் கொழந்த அனுவும் நோய் நொடி இல்லாம இருக்கணும்னு வேதகிரீஸ்வரரக் கேட்டுக்கறேன். ஏழு வருஷமா ஒரு வரி எழுதாத மனுஷன் இப்ப இன்னாத்துக்கு எழுதறான்னு நெனைப்ப. சொல்றேன், பொறுமையா படி. உன் அட்ரஸ் உங்கம்மா உளுத்தம்பருப்பு டப்பாவுக்குள்ள வச்சிருந்த கவர்லேர்ந்து எடுத்தது. மாசத்துல ஒரு சனிக்கெழம காய் வாங்கப் போறேன்னு போயி எஸ்டிடி பூத்துல உன்கிட்ட பேசிட்டு வெறும் பையோட திரும்பி வருவா, அதுவும் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துட்டேன், அதுவும் ஒரு வேலையாத்தான் இருந்துது.

வூட்டு சங்கதியிலேர்ந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லா வம்பும் அங்கதான் ஆரம்பிச்சுது. உங்கம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு, எனக்கு இடுப்பு, ரெண்டு பேரும் இனிமே தரையில குந்தி சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. உடனே உன் தம்பி கலையரசன் ஸ்டோர் ரூமுக்கும் பின்கட்டுக்கும் நடுவுல இருந்த சுவத்த இடிச்சி ஒரே ரூமாக்கி டைனிங் ஹால் கட்டிடலாம்னான். அவனுக்கு இன்னா, காலையில ஆறு மணிக்கு மறைமலைநகர் கம்பெனி பஸ் ஏறிட்டா ராத்திரிதான் வருவான், மேஸ்திரியோட மல்லுக்கட்டினது பூரா நான். நாளைக்கு வரேன்னு சொன்னா நாலு நாளு கழிச்சி வருவான், வந்தா சிமெண்ட் இல்லம்பான், சிமெண்ட் வந்தா ஆளு இல்லம்பான். மூணு மாசம் சோத்துலயும் தூசி, தலகாணியிலயும் தூசி. போதும் போதும்னு ஆயிடுச்சி. கடைசியில தரைக்கு வெள்ள டைல்ஸு, மூலையில கை கழுவ பேசின், மூணு பக்கம் இளம் பச்சை, ஒரு பக்கம் மட்டும் சந்தன கலரு, எல்லாம் உன் தம்பி பொண்டாட்டி கீர்த்தனா பாத்துப் பாத்து செஞ்சது. கொற சொல்றதுக்கில்ல, ரூம் நல்லா லட்சணமாத்தான் வந்துது.

அப்புறம் டேபிள் சேர் வாங்கறதுக்கு ஜிஎஸ்டி ரோட்டுல இருக்கற ஒரு பெரிய கடைக்கு குடும்பத்தோட போனோம். கண்ணாடி வச்ச டேபிள்தான் இப்ப ஃபேஷன்னு கீர்த்தனா சொன்னா, கண்ணாடி மேல எவர்சில்வர் தட்டு வச்சா சத்தம் காத கிழிக்கும், நம்ம வூட்டு ஆளுங்க சொம்ப வக்கிற வேகத்துக்கு ஒரு மாசம் தாங்காதுன்னு நான் சொன்னேன், தேக்குதான்னு முடிவாச்சு. கடைப் பையன் வூட்ல மொத்தம் எத்தினி பேரு சார்னு கேட்டான். நான், உங்கம்மா, கலை, கீர்த்தனா, பேரன் நிதின், அஞ்சுன்னேன். அப்ப ஆறு சேர் செட்டு சரியா இருக்கும்னான். பின்னால நின்னுகினு இருந்த உங்கம்மா எட்டுன்னா. நான் திரும்பிப் பாத்தேன். எட்டு பேருப்பா, எட்டு சேர் போட்டு செஞ்சி குடுன்னு அவங்கிட்டயே சொல்றா, என்னப் பாக்கவே இல்ல. அந்தப் பையன் பாவம், விருந்தாளி வந்தா ப்ளாஸ்டிக் சேர் இழுத்துப் போட்டுக்கலாம்மான்னான். விருந்தாளின்னு யாருப்பா சொன்னதுன்னு கேட்டா பாரு, எனக்கு எங்கிருந்துதான் வந்துதோ அந்தக் கோவம், நடுக் கடையில, நாலு பேரு பாக்க, அந்தப் பேச்ச எடுத்தா இங்கயே வுட்டுட்டுப் போயிடுவேன்னு கத்திட்டேன். உங்கம்மா அங்க விக்கறதுக்குப் போட்டிருந்த ஒரு சேர்ல போயி உக்காந்துகினா, பில்லு போட்டு முடிக்கற வரிக்கும் எழுந்திரிக்கல. ஆறு சேர்தான் வாங்கினேன். ஜெயிச்சிட்டேன்னு நெனச்சிகினு வூட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம சுவத்துக்கு இன்னா மாட்டறதுன்னு மாமல்லபுரம் போனோம். வெயிலான வெயில், கடக்கரக் காத்துல மணலு வேற, எனக்கு இடுப்பு கழண்டுடுச்சி. கீர்த்தனா ஒவ்வொரு கடையா ஏறி எறங்கறா. ஒருத்தன் கருங்கல்லுல செதுக்கின யானைய காட்டி சுவத்துல பதிச்சிடலாம்மான்னான், அது நம்ம மேஸ்திரி கட்டின சுவரு, யானைய தாங்காதுன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். கடைசியில பேசினுக்கு மேல மாட்ட சிப்பி ஒட்டின கண்ணாடி ஒண்ணு, கடியாரம் ஒண்ணு. அந்த சந்தன கலரு சுவரு மட்டும் காலியா கெடந்துது. அங்க நம்ம பெரியவங்க படத்த மாட்டிடலாம்னு நான்தான் சொன்னேன். பெயிண்ட் அடிக்கறப்ப கழட்டினது, எங்கப்பா, எங்கம்மா, எங்கண்ணன் மூணு பேரு படமும், பின்னாடி அட்டைய கரையான் அரிச்சிருந்துது. ஆடி அமாவாசைக்குள்ள புது ஃப்ரேம் போட்டு மாட்டிட்டா அந்த ரூம்லயே படையல் போட்டுக்கலாம்னு கணக்கு. பரண் மேல தகரப் பெட்டியில வச்சிருந்தேன். பெட்டியத் தொறந்து வேட்டியில சுத்தி இருந்த மூட்டைய அப்படியே தூக்கிகினு போயி ஃப்ரேம் கடை வாசுதேவன் கையில குடுத்துட்டேன், பிரிச்சிக்கூடப் பாக்கல. எல்லா படத்துக்கும் பொட்டு வச்சி சந்தன மாலை போட்டு செவப்பு பல்பு வச்சிடட்டுமா பெரியவரேன்னு கேட்டான். எல்லாத்துக்கும் வச்சிடுன்னு சொன்னேன்மா. இந்த வாயாலதான் சொன்னேன்.

நீ ஏசுதாஸக் கட்டிக்கினு போன அன்னிக்கு, வேற சாதி, வேற சாமி, எனக்குப் பொண்ணே கெடையாதுன்னு கெணத்தடியில போயி தல முழுகினேன் பாரு, அன்னிக்கு ஹால்ல இருந்த உன் படத்த, அந்தக் கறுப்பு அங்கி போட்டுகினு பட்டம் வாங்கின படத்த, கழட்டி அதே பெட்டியில, அதே வேட்டிக்குள்ளதான் சொருகினேன். கிழிச்சிப் போட்டுட்டேன்னு உங்கம்மா ஏழு வருஷமா நெனச்சிகினு இருந்தா, நானும் அப்படியே நெனைக்க வுட்டேன். அது உள்ள இருந்தது மறந்து போச்சுன்னு இப்ப சொல்றேன். உங்கம்மா நம்பல. எனக்கே முழுசா நம்பிக்க வரல, பிரபா.

ஆடி அமாவாசை அன்னிக்கு காலையில நான் குளிச்சிகினு இருந்தேன், கீர்த்தனா கோலம் போட்டுகினு இருந்தா, உங்கம்மா அடுப்புல வடை தட்டிகினு இருந்தா. வாசுதேவன் ட்ரில் மிஷினோட வந்து சுவத்துல ஓட்ட போட்டு நாலு படத்தையும் வரிசையா மாட்டி பல்பையும் எரிய வுட்டுட்டான். படையலுக்கு எல போடலாம்னு உங்கம்மா சோத்துக் குண்டானத் தூக்கிகினு உள்ள வந்தா. எங்கப்பா, எங்கம்மா, எங்கண்ணன், அதுக்குப் பக்கத்துல நீ. நெத்தியில குங்குமம், கழுத்துல மாலை, தலைக்கு மேல செவப்பு வெளிச்சம். குண்டான் டைல்ஸு மேல வுழுந்த சத்தம் கேட்டு ஈரத் துண்டோட ஓடி வந்தேன். அவ அழுவல, கத்தல. கடையில இருந்து வந்த நாளா ஒரு வாட்டிகூட உக்காராத அந்தப் புது சேர்ல போயி உக்காந்தா. என்ன நிமுந்து பாத்து, நெனச்சத முடிச்சிட்டியான்னு கேட்டா. அவ்ளோதான். நீங்கதானே பெரியவரே எல்லாத்துக்கும்னு சொன்னீங்கன்னு வாசுதேவன் ட்ரில் மிஷினப் புடிச்சிகினு நிக்கறான், அவன இன்னா சொல்றது. நானே சேர் மேல ஏறினேன், இடுப்பு இருக்கற இருப்புக்கு யாரும் ஏற வுட்டிருக்க மாட்டாங்க, மாலைய பிச்சி எறிஞ்சேன், துண்டால பொட்ட தொடச்சேன். புதுக் குங்குமம் பாரு, தொடைக்கத் தொடைக்க உன் மூஞ்சி பூரா செவப்பா இழுவுதே தவிர போவல. எச்சி தொட்டுத் தொட்டுத்தான் தொடச்சேன், உனக்கு அஞ்சு வயசுல சோறு ஊட்டிட்டு வாய தொடைப்பேனே அந்த மாதிரி. அப்பதான் நான் அழுதேன். ஏழு வருஷத்துல அழாதது எல்லாம் அன்னிக்கு அந்த சேர் மேல நின்னுகினே அழுதேன், மருமவ எதிர்ல.

இன்னியோட பன்னெண்டு நாளு ஆவுது. உங்கம்மா என்கிட்ட ஒரு வார்த்த பேசல. அடுப்படியில நின்னுகினே தட்டுல போட்டு ரெண்டு வாய் தின்னுட்டு போறா, அந்த முட்டியோட. அந்த ரூமுக்குள்ள காலையே வைக்கல. கீர்த்தனா கெஞ்சினதுக்கு, என் பொண்ணு உசுரோட வந்து அந்த டேபிள்ல உக்காந்து சாப்பிட்டாத்தான் நான் உள்ள வருவேன்னு சொன்னாளாம். அவ வராத எடத்துல எனக்கு மட்டும் இன்னா விருந்து, நானும் பின்பக்கப் படியிலதான் உக்காந்து சாப்பிடறேன். இம்மாந் தேக்கு டேபிள் மேல இப்ப நிதினோட ஸ்கூல் பையும் இஸ்திரி துணியும்தான் கெடக்குது. பக்கத்து வூட்டு ஞானம்பாள் வந்து, செத்துட்டதா தப்பா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு அர்த்தம், வுடுங்கன்னு தேத்தறா. அதெல்லாம் மத்தவங்களுக்குச் சொல்ல நல்லாத்தான் இருக்குது. எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல, பகல்ல அசதி. வயசாயிடுச்சி பிரபா, கோவத்த தூக்கி சொமக்கற தெம்புகூட இப்ப இல்ல.

போன வெள்ளிக்கெழம யார்கிட்டயும் சொல்லாம திருக்கழுக்குன்றம் பஸ் ஏறிட்டேன். மலைப்படி அத்தனையும் உக்காந்து உக்காந்து ஏறினேன், டோலிக்காரன் பெரியவரே ஏறுங்கன்னான், வேணாம்னுட்டேன். உன் பேருல ஒரு அர்ச்சன பண்ணணும்னு தட்ட நீட்டினேன். பேரு கேட்டாரு குருக்களு. ஏழு வருஷமா என் வாயில வராத பேரு, சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. பிரபாவதி, ரோகிணி நட்சத்திரம்னேன். கல்யாணம் ஆயிடுத்தா, ஆத்துக்காரர் பேரு சொல்லுங்கோன்னாரு. பின்னால கியூவுல ஜனம் தள்ளுது. ஏசுதாஸ்னேன். அவரு என்ன ஒரு பார்வ பாத்தாரு, நட்சத்திரம் இன்னான்னாரு. எனக்குத் தெரியல. மாப்பிள்ளயோட நட்சத்திரம் தெரியாத மாமனாரா முழிச்சிகினு நிக்கறேன். பாதகமில்ல, சுவாமி பேருக்கே பண்ணிடலாமேன்னாரு மெதுவா. எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துடுச்சி, உனக்குத்தான் தெரியுமே என் கோவம். சாமி பேருக்கு நாளைக்கு வந்து பண்ணிக்கறேன், இன்னிக்கு எங்க மாப்பிள்ள பேருக்கே பண்ணுங்க சாமின்னேன். அவரும் உள்ள போயி, வேதகிரீஸ்வரர் எதிர்ல ஏசுதாஸ் நாமதேயஸ்யன்னு ஓங்கிச் சொல்லி அர்ச்சன பண்ணாரு. மலை இருந்த எடத்துலயேதான் இருந்துது. ஒண்ணும் இடிஞ்சி வுழல. இதுக்காம்மா நான் ஏழு வருஷம் பயந்தேன்?

தப்பு என்னுது. அத சுத்தி வளைச்சி சொல்லத் தெரியல, இவ்ளோ பக்கம் எழுதினதுக்கு அர்த்தம் அதுதான். அன்னிக்கே கழட்டி வச்ச உன் படத்த திரும்ப மாட்டலாமான்னு கீர்த்தனா கேட்டா, சுவத்துல போட்ட ஓட்ட அப்படியே இருக்கட்டும், என் பொண்ணு படமா வேணாம், ஆளா வரட்டும்னு சொல்லிட்டேன். லீவு கெடைக்கறப்ப மூணு பேரும் கெளம்பி வாங்க. எந்த வண்டின்னு எழுது, மீனம்பாக்கத்துக்கு கலை கார் எடுத்துகினு வருவான், நானும் வருவேன். கொழந்தைக்கு நம்ம ஊரு தண்ணி ஒத்துக்காது, காய்ச்சி ஆற வச்சி வைக்கச் சொல்றேன். உங்கம்மாகிட்ட இந்தக் கடுதாசி எழுதினத சொல்லல, நீயே பூத்துல பேசறப்ப சொல்லு, அப்பவாவது அவ என் மூஞ்சியப் பாக்கறாளான்னு பாக்கலாம். கவர் மேல இங்கிலீஷ்ல அட்ரஸ் கீர்த்தனா எழுதித் தரேன்னா.

வெயில்ல அலையாத, நேரத்துக்கு நாஸ்தா பண்ணு, வேலைக்குப் போறேன்னு வெறும் வயித்தோட ஓடாத. ஒண்ணு மட்டும் மறக்காத. மாப்பிள்ளைக்கு நட்சத்திரம் தெரிஞ்சா எழுதி அனுப்பு, அவங்க வூட்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்கன்னா பொறந்த தேதியும் நேரமும் கேட்டு எழுது, நான் ஜோசியர்கிட்ட குடுத்து கணிச்சிக்கறேன். அடுத்த வாட்டி குருக்களு கேட்டா எம் மாப்பிள்ளைக்கு நான் பட்டுன்னு பதில் சொல்லணும்.

தீர்க்காயுசா இரும்மா. நூறு வயசு இரு.

உன் நைனா
கோதண்டராமன்