எண்பத்திரண்டாவது சுற்று

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத்தான் உனக்குத் தோன்றும். தாராளமாகக் கிழி, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

உன் விலாசத்தை உன் பழைய மில்லில் நூல் சுற்றும் பிரிவின் மேற்பார்வைக்கார அம்மாவிடம் வாங்கினேன். அவள் லேசில் கொடுக்கவில்லை. "புருஷன் கண்ணைப் பறிச்சவள்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, இப்ப எதுக்கு விலாசம்?" என்று வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்று உனக்குத்தான் தெரியுமே. போகப்போக அவளே இளகி, நீ இப்போது இருக்கும் மில்லில் மெஷினைத் தொடவே பயந்து கூட்டிப் பெருக்குகிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று சொன்னாள். பதினாறு நூற்கதிர்களை ஒரே ஆளாகப் பார்த்தவள் நீ. வீடு வரும்வரை வாய்விட்டு அழுதுகொண்டே வந்தேன்.

உன் வீட்டுக்காரன், என் தம்பி, இருக்கிறான். வேனை ஓட்டக் கூடாது என்று லைசென்சை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஒரு கம்பெனி வாசலில் உட்கார்ந்து வருகிற வண்டிகளின் நம்பரை எழுதுகிறான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை, டீயை டம்ளருக்கு வெளியேதான் ஊற்றுகிறான். துடைக்கப் போனால் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. கூடத்தில் தொங்கும், ரப்பர் முறுக்கிப் பறக்கவிடும் அந்தப் பொம்மை விமானங்களைக் கழற்றவும் விடமாட்டேன் என்கிறான், நிமிர்ந்து பார்ப்பதுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வியாழக்கிழமை கோர்ட்டில் உங்கள் வழக்கு வருகிறது என்று உனக்கும் தாக்கீது வந்திருக்கும். விவாகரத்து என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். போன வாரம் தம்பியின் வக்கீல் கூப்பிட்டு, சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். விபத்துக்கு முந்தின நாள் சண்டை போட்ட மனைவி, கணவனுக்குக் காயம் உண்டாக்க வேண்டும் என்றே விமானத்தின் ரப்பரை அளவுக்கு மீறி முறுக்கினாள் என்று அதில் எழுதியிருந்தது. 'வேண்டும் என்றே' என்ற இடத்தோடு படிப்பதை நிறுத்தினேன். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். ஏன் என்று உனக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

அந்த விமானத்தின் மூக்கைப் பூட்டியது நான். உடம்பும் இறக்கையும் தம்பி செய்வான். விசிறியும் கம்பியும் என் பொறுப்பு. நகைப் பட்டறையில் இருபது வருஷம் கம்பி வளைத்தவளாயிற்றே, அந்தத் திமிர் எனக்கு. மூக்குக் கட்டையில் ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் எஃகுக் கம்பி, கம்பியின் உள்முனையில் ரப்பர் மாட்டும் கொக்கி. வெளிப்பக்கம் இரண்டு வாஷர், நடுவே வழுக்கிச் சுழல ஒரு கண்ணாடி மணி, அதற்கும் முன்னால் விசிறி. இத்தனையும் கோத்த பிறகுதான் கம்பியின் முன்முனையை வளைத்து வளையம் போட முடியும். அந்த வளையத்தில்தான் கை டிரில்லை மாட்டி, மூக்கோடு ரப்பரை வெளியே இழுத்துப் பிடித்து முறுக்குவோம். இழுவை மொத்தமும் அந்த ஒரு வளையத்தின் தலையில்தான் விழும்.

அந்தக் கடைசி வளைவு இருக்கிறதே, உயிரை வாங்கிவிடும். எஃகு முரண்டு பிடிக்கும், இடுக்கி வழுக்கும், விசிறியில் கீறல் விழும். அப்படி இரண்டு விசிறி வீணாய்ப் போயிற்று. மூன்றாவதுக்குக் கம்பியைக் கோர்க்கும் முன்பே முனையைச் சுடரில் காட்டினேன். பட்டறையில் சூடு காட்டாமல் நாங்கள் எதையும் வளைப்பதில்லை, கை தானாகப் போய்விட்டது. வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுத்தது. ஆனால் எஃகு தங்கம் இல்லையே! சூடு பட்டால் அதன் விறைப்பு செத்துவிடும். தம்பி இதை எனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறான்.

சூடு பட்ட இடத்தில் கம்பியில் நீலம் பாய்ந்திருந்தது. அவன் பார்த்தால் தையத்தக்கா என்று குதிப்பான் என்று, உப்புத்தாள் போட்டு நீலத்தைத் தேய்த்தெடுத்து மெருகும் கொடுத்தேன். அவன் கையில் வாங்கிப் பார்த்து, அக்கா கைன்னா கைதான் என்றான். நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

மைதானத்தில் நடந்தது உனக்கே தெரியும். அவன் முட்டி போட்டு விமானத்தின் உடம்பைப் பிடித்திருந்தான். பத்தடி தள்ளி நீ டிரில்லைச் சுற்றினாய். உன் பக்கத்தில் நின்று நானும் மனசுக்குள் எண்ணினேன். நூற்றுப்பத்து வரை போகலாம் என்பது அவன் வைத்த அளவு. எண்பத்திரண்டில் வளையம் விரிந்துவிட்டது. மூக்கும் விசிறியும் அவனை நோக்கிப் பாய்ந்து, விசிறியின் முறிந்த இலை அவன் இடது கண்ணில் போய்... இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

நீ அவன் தலையை மடியில் வைத்துக் கதறிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? புல்லில் கிடந்த கம்பியைப் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டேன். வளையம் ஊசி மாதிரி நிமிர்ந்திருந்தது. ரப்பரில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அளவுக்கு மீறி முறுக்கினால் முதலில் ரப்பர்தான் அறுந்துபோகும், இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, "அவ அளவு தெரியாம முறுக்கிட்டா" என்று முதல் ஆளாகச் சொன்னேன். அந்தப் பேச்சைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நூல் சுற்றியே வயிறு கழுவுகிறவளுக்கா எண்ணத் தெரியாது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வக்கீலிடமிருந்து வந்த மறுநாளே கம்பியைக் கொண்டுபோய்த் தம்பி முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அதை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். வளைந்தது. நிமிர்த்தினான், மறுபடி வளைத்தான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். அன்றைக்கே தெரியும் என்றேன். "ரெண்டு வருஷமா என் கண்ணுக்கு மருந்து ஊத்தினது இந்தக் கைதானே" என்று என் கையையே பார்த்தான். பிறகு வெளியே போ என்றான். அவன் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து, "தப்பு பண்ணாதவ எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினான்.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அவ்வளவையும் கொட்டிவிட்டு வந்தவள், அதை மட்டும் சொல்லாமல் விடுவிடுவென்று தெருவில் இறங்கிவிட்டேன். கம்பியைச் சுட்டது கைப்பழக்கம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

எழுபதைத் தாண்டியதும் நீ டிரில்லை நிறுத்தினாய். என் பக்கம் திரும்பி, "அண்ணி, கையில ஏதோ நழுவுற மாதிரி இருக்கு, ஒரு தடவை கழட்டிப் பார்த்துடலாமா?" என்று கேட்டாய். நூலின் இழுவையை விரலால் அறிகிறவள், உனக்குத் தெரியாமல் போகுமா? கழற்றினால் அவன் கம்பியை உற்றுப் பார்ப்பான், எங்காவது நீலம் மிச்சம் இருந்தால் என் மானம் போகும். எனக்கு அதுதான் தோன்றியது. "எல்லாத்துக்கும் ஒரு பயம் உனக்கு, பேசாம சுத்து" என்று அதட்டினேன். எதிர்க்காற்று, அவன் காதில் விழவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக நீ சுற்றினாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அப்பவே சொன்னேனே அண்ணி என்றாய். நீ ஒண்ணும் சொல்லலையே, அதிர்ச்சியில உளர்றே என்றேன். நாலைந்து தரம் கேட்டாய். நாலைந்து தரமும் முகம் மாறாமல் அதையே சொன்னேன். பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். சொன்னோமா இல்லையா என்று உனக்கே சந்தேகம் வந்துவிட்டது உன் முகத்தில் தெரிந்தது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. சீ, நானும் ஒரு மனுஷி!

இதையும் எழுதி இன்று காலை தம்பி வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டேன். வழக்கை அவன் திரும்ப வாங்குவானா என்று தெரியவில்லை, எனக்குக் கதவு திறப்பதில்லை. உள்ளபடி நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் வக்கீலிடம் கொடு.

அவனோடு வந்து வாழு என்று கூப்பிட நான் யார்? மன்னித்துவிடு என்றும் கேட்கமாட்டேன். வியாழக்கிழமை மட்டும் வந்துவிடு, தாயே. கூண்டில் ஏறி, அன்றைக்கு என்னிடம் சொன்னதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நீ சொன்னாய். என் காதில் நன்றாக விழுந்தது. இந்தத் தடவை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி