கேமராவைக் கழற்றிவிட்டேன்

மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம், உயிரோடுதான் இருக்கிறோம். கூடத்துச் சுவரில் நீ மாட்டிவைத்த கேமராவை நேற்று கழற்றிவிட்டதால் இதை எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் எனக்குத் தெரியும், உனக்குத்தான் அது வரவில்லை.

போன வியாழக்கிழமை கதையை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்லியிருப்பாயோ, இங்கே நடந்தது இதுதான். அணையில் மதகைத் திறந்துவிட்டார்கள் என்று பால்காரர் சொன்னார். உடனே உன் அம்மா, “வாங்க, இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துடலாம்” என்றாள். அவள் கண் நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டுவந்தால் மிச்சம் இருப்பது கொஞ்ச நாள் தாங்கும் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அதைக் கேட்டதும் நீ மூன்று வருஷத்துக்குத் திட்டம் போட்டு அனுப்பினாய், எந்த முதியோர் விடுதி, எந்த மாதம் வீட்டை விற்பது என்று. அவள் அதைப் படிக்கக்கூட இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப ஆரம்பித்தாள். ஒருநாள் மீன் மார்க்கெட், ஒருநாள் விமானம் இறங்குவதைப் பார்க்க வேலி ஓரம், இன்னொரு நாள் தீயணைப்பு வண்டியைக் கழுவுவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் குழிக்குள்ளேயே ரிப்பேர் பார்த்துக் கிடந்தவன் நான், ஊரை அவளோடு சேர்ந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினோம். அவசரத்தில் போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டோம், ஃபேனையும் அணைக்கவில்லை. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு, ஆள் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. நீ அங்கிருந்து சுற்றுகிற ஃபேனையும் காலி நாற்காலியையும் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, மாடி வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொல்லிவிட்டாய். சாரலில் தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே நாலு மணிக்கு வந்தால் கதவு தரையில் கிடக்கிறது, தெருவே வீட்டுக்குள் நிற்கிறது. ஒரு போலீஸ்காரர் எங்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். உன் அம்மா காயப்போட்டிருந்த உள்துணிகளை அத்தனை பேர் முன்னால் அள்ளிச் சுருட்டிக்கொண்டு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். வாத்தியார் நல்ல மனுஷன், “உங்க பொண்ணு அழுதுச்சு சார், எனக்கு வேற வழி தெரியல” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லாம் உன்மேல்தான்.

அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. கூப்பிட்டால், “வேணாங்க, பொண்ணு பயந்துடுவா” என்கிறாள். போனை மடியில் வைத்துக்கொண்டு கேமராவுக்கு நேராக ஐந்து நாள் உட்கார்ந்திருந்தாள். பார்வை இருக்கிற ஐந்து நாளை வெறும் சுவரைப் பார்த்துக் கழித்தாள். ஆறாம் நாள் நான் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன். நீ பயப்படுவது அன்பில்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்னும் வராத கஷ்டத்துக்கு இன்றைக்கே அழுது, கையில் இருக்கிற நாளையும் அவளிடமிருந்து பிடுங்குகிறாயே, இதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

சொல்லாதீர்கள் என்று அவள் கெஞ்சியதையும் சொல்லிவிடுகிறேன். நாலு மாதமாக வீடியோவில் உன் முகம் அவளுக்குத் தெரிவதில்லை. அந்தச் சின்னத் திரையில் ஒன்றும் பிடிபடுவதில்லை. குரலை வைத்துக்கொண்டுதான் “ஏன்டி இளைச்சிட்டே” என்கிறாள். நீ முடியை வெட்டிக்கொண்டது நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். நல்ல வெளிச்சத்தில் எதிரே நின்றால் முகம் இன்னும் தெரிகிறது. அடுத்த வருஷக் கடைசியில் வருகிறேன் என்கிறாயே, அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடு. இந்த மாதமே வா.

திட்டிவிட்டேன் என்பதற்காக வாழ்த்தாமல் இருக்க முடியாது, இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, பகலில் வந்து இறங்கும் விமானமாகப் பார்த்து டிக்கெட் எடு. இருட்டில் வந்தால் அவளுக்கு உன் முகம் தெரியாது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அப்பா