உப்புத் தண்ணீரில் அலசிய பூட்ஸ்

மார்ச் 4, புதன்

காலையிலேயே வெயில். நான்கு பாத்தி உப்பு வாரியாயிற்று. ஞாயிறு மேட்சைப் பார்த்துத்தான் கோச் இந்த சீசனுக்கு லிஸ்ட் போடுகிறாராம். பாண்டி ஃபுட்பால், இரண்டாம் டிவிஷன். ஒரே டீம், பதினோரு சீசன், மிட்ஃபீல்டு. மொத்தம் நாலு கோல், அதில் ஒன்று முதுகில் பட்டுப் போனது. வயது முப்பத்து மூன்று. இந்தத் தடவை பெயர் இல்லையென்றால் அவ்வளவுதான், வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை.

வாங்க: சாக்ஸ், கால் வெடிப்புக்கு வாசலின், பச்சை மிளகாய்.

மார்ச் 6, வெள்ளி

கிரவுண்டுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். பிராக்டிஸ் முடிந்தபோது பூட்ஸ் முழுக்கச் சேறு. நேரே பாத்திக்கு வந்து, வாய்க்கால் தண்ணீரில் அலசி, உப்புக் குவியல் மேல் காயப்போட்டேன். சோறு கொண்டுவந்த என் பெண்டாட்டி செல்வி பார்த்துவிட்டாள்.

"என்னாங்க இது, உப்புத் தண்ணியிலயா அலசினீங்க? சைக்கிள் செயினே இங்க மூணு மாசம் தாங்காது. புத்தி இருக்குதா?"

எனக்குத் தெரியாதா? கை, கால், மண்வெட்டி எல்லாம் அங்கேதான் கழுவுகிறேன். கை அது பாட்டுக்குச் செய்துவிட்டது. சனியன்.

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் கீப்பர் சாதிக் பைக்கில். கூனிமேட்டிலிருந்து பாண்டி வரை வாய் ஓயவில்லை. "நீ இல்லாம லிஸ்ட்டா? சும்மா வா மச்சான்."

பூட்ஸ் கருவாடு மாதிரி விறைப்பு. பதினைந்தாவது நிமிடம் இடது பூட்ஸின் அடி பிளந்துவிட்டது. என் சைஸ் யாரிடமும் இல்லை. செலக்‌ஷன் மேட்ச்தானே, கழற்றிவிட்டு ஆடு என்றார் கோச். இரண்டையும் கழற்றினேன். உப்பு சீசன் தொடங்கும் முன் பாத்தியை மிதித்து இறுக்குவோம், முதலாளி அந்தப் பக்கம் போனதும் அதிலேயே வெறுங்காலில் பந்து. நான் கற்றது அப்படித்தான்.

நன்றாகவே ஆடினேன். ஒரு பாஸுக்கு சாதிக் கோல் போஸ்டிலிருந்து கத்தினான், "டேய்! இன்னா பாஸ்டா!"

எவனோ பூட்ஸால் மிதித்ததில் கட்டைவிரல் நகம் போயிற்று. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"ஏம்பா, வலிக்கலயா?" கோச்.

"இல்ல சார்."

பொய் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

பாத்தியில் நிற்கும்போது டீம் குரூப்பில் லிஸ்ட். இருபத்திரண்டு பெயர். இரண்டு தடவை படித்தேன். சாதிக் உண்டு. நான் இல்லை. கொஞ்ச நேரத்தில் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள்.

சாதிக் போன். "நான் கோச்சாண்ட பேசட்டுமா?" வேண்டாம் என்றேன். அவன் அழுதான். அழ வேண்டியது நான், வரவில்லை. மீதிப் பாத்தியை வாரி முடித்தேன்.

சாயங்காலம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் எடுத்துப் பூட்ஸைக் கழுவினேன்.

"இனிமே எதுக்குங்க?" செல்வி.

உப்புப் போகட்டும் என்றேன். உட்கார்ந்து அவளும் ஒன்றைத் தேய்த்தாள். குடம் சாய்ந்து தண்ணீர் என் காலில் ஓடியது. நகம் போன விரல், இரண்டு நாள் உப்புத் தண்ணீரிலேயே நின்றும் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது வலிக்கிறது.