மூடியில் எழுதிய எண்கள்

7 ஜூலை, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல்காற்று இரண்டு மணிக்கு மேல்தான். அறிவியலை எளிய தமிழில் எழுதப் பழக்கும் ஃபெலோஷிப் தொடங்கி இரண்டு வாரம் முடிந்தது. இன்னும் பத்து. மனம் ஒழுங்கில் இல்லை. இந்த நோட்டில் எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. இணைய வகுப்பு. புதன், சனி மாலை. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
2. கொடுத்த வேலை: புதுப்பட்டினத்தில் எங்கள் தெருத் தண்ணீரின் உப்பை அளந்து, தெருக்காரர்களுக்குப் புரியும்படி எழுதுவது. எட்டு பம்பு. அளந்தாயிற்று.
3. என் இணை: நூர்ஜஹான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. ஒரே ஊர்க்காரர்களை இருவர் இருவராகச் சேர்த்திருக்கிறார்கள்.
4. என் அறிக்கையைச் சரிபார்க்கக்கூடியவர் இங்கே யாரும் இல்லை.
5. விலகுவதா, வேண்டாமா.

இரண்டு அறிக்கைகள் அனுப்பவில்லை. மூன்றாவதும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். கடைசி நாள் 16, புதன்.

8 ஜூலை, செவ்வாய்

எழுதாமல் இல்லை. மூன்றும் முடிந்து லேப்டாப்பில் கிடக்கின்றன. பழக்கத்தில் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கோடு போட்டுவிட்டேன்: தயாரித்தவர், சரிபார்த்தவர். அணுபுரத்தில் குடியிருந்துகொண்டு முப்பத்தொரு வருடம் அணுமின் நிலையத்தில் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. இப்போதும் அனுப்பக் கை வரவில்லை.

கோமதி: "காலேலேருந்து அந்தப் பெட்டி முன்னாடி என்னதான் பண்றீங்க? உங்க மூஞ்சியும் அதுல தெரியல, குரலும் கேக்கல."

மனைவி சொல்வது உண்மைதானே.

விலகல் கடிதம் எழுதினேன். நான்கு வரி. அதற்கு இரண்டாவது கையெழுத்து தேவைப்படவில்லை.

9 ஜூலை, புதன்

வகுப்பு. வந்தவர் 22. முகம் காட்டாதவர் 1.

வகுப்பை நடத்தும் ஒருங்கிணைப்பாளர்: "ராமநாதன் சார், இருக்கீங்களா?"

'இருக்கிறேன்' என்று தட்டச்சு செய்தேன். முடிப்பதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டார்.

ஓய்வுக்குப் பிறகு யாராவது என்னை எதற்காவது தேர்ந்தெடுத்தது இந்த ஃபெலோஷிப்புக்கு மட்டும்தான். கோமதியிடம் சொன்னதில்லை. இங்கும் எழுதியிருக்க வேண்டாம்.

10 ஜூலை, வியாழன்

மின்தடை 10 முதல் 12. மூட்டு வலி மாத்திரை வாங்கினேன். திரும்பும்போது நூர்ஜஹான் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னா சார், உங்க பேப்பரு இன்னும் டிராஃப்ட்லயே கீதா?"

சரிபார்த்தவர் கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அங்க கையெழுத்து போட யாரு வருவா? கலெக்டரா?"

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"குடிக்கிறவங்களுக்குத் தானே எழுதுறீங்க? சனிக்கெயம காலைல நோட்ட எடுத்துகினு வாங்க. தெருவுல படிச்சுக் காட்டுவோம்."

சரிபார்க்காத எண்ணைத் தெருவில் படிப்பதா? வேண்டாம் என்று வாய் திறந்தேன். அவர் மெஷினில் அடுத்த தாளை வைத்துவிட்டார்.

12 ஜூலை, சனி

காலை 8.30. லேசான தூறல், உடனே வெயில். நூர்ஜஹான் என் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார். நான் குடையோடு பின்னால். பம்பு எண் 3, மீன் விற்கும் அஞ்சலை வீடு: உப்பு அதிகம், குடிக்க வேண்டாம். எண் 6, எதிர்வீட்டு மலர்: குடிக்கலாம்.

மலருக்குச் சந்தோஷம். "அப்ப இனிமே அஞ்சல அக்கா வூட்டாண்ட வந்து கொடம் தூக்க வாணாம்!"

அஞ்சலை கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"எவன் சொன்னது என் வூட்டு தண்ணி உப்புன்னு? இத்த ஊத்துனா தான் பருப்பு வேவுது. மலரு வூட்டு தண்ணில தல குளிச்சா முடி தேங்கா நாரு மாரி ஆவுது. அத்தப் போயி நல்ல தண்ணின்னு எய்திக்கீற."

ரெண்டு தடவை அளந்தேன், ரெண்டும் ஒரே எண் என்றேன்.

"அளந்த சரி. குடிச்சுப் பாத்தியா?"

எட்டு பம்பு. பதினாறு அளவு. குடித்துப் பார்த்தது: பூஜ்யம்.

"சாருக்கு நாக்க வூட்லயே வெச்சுட்டு வர்ற வயக்கம் போல," என்றார் அஞ்சலை. தெரு சிரித்தது. மாலை வகுப்புக்குப் போகவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. ஆறு மணிக்கே உப்பை அளக்கும் மீட்டரைப் பம்படிக்கே எடுத்துப்போய் நேரடியாக அளந்தேன். 3 நல்ல தண்ணீர். 6 உப்பு.

காரணம் கண்டுபிடித்தேன். முன்பு தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து வீட்டில்தான் அளந்தேன்; பம்பு எண்களை அதற்கு முந்தின நாளே பாட்டில் மூடிகளில் எழுதி வைத்திருந்தேன். தெருவில் 3, 6 இரண்டு பாட்டிலையும் நிரப்பித் தரையில் வைத்து, மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். அதன் பிறகு எத்தனை முறை அளந்தால் என்ன? அதே தவறு அதே எண்ணைத்தான் காட்டும்.

எண்ணை மூடியில் எழுதாதே, பாட்டிலின் உடம்பில் எழுது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுத்தது.

மலர் வீட்டு வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பினேன். நேற்றிலிருந்து அந்தத் தண்ணீரையே குடிக்கிறார்களோ என்று தோன்றியதும் மூன்றாவது முறை கூப்பிட்டேன்.

"நான் தப்பா எழுதிட்டேன்மா. அந்தத் தண்ணி குடிக்க வேண்டாம்."

"அத்த நேத்தே காபி போட்டுப் பாத்துத் துப்பிட்டோம் சார். உள்ள வாங்க."

உள்ளே போகவில்லை.

15 ஜூலை, செவ்வாய்

மற்ற ஆறு பம்புகளையும் நேரடியாக அளந்தேன். மாறவில்லை. எட்டிலும் ஒரு வாய் குடித்தேன். வயிறு சரியாக இருக்கிறது.

அறிக்கையைத் திருத்தினேன். மூடி விஷயத்தை எழுதுவதா? எழுதினால், முப்பத்தொரு வருடம் இவர் என்ன கிழித்தார் என்பார்கள். எடுத்தேன், சேர்த்தேன், எடுத்தேன். கோமதி பார்த்துவிட்டு, "இருக்கட்டும், அது ஒண்ணுதான் படிக்க நல்லா இருக்கு" என்றாள். சேர்த்தேன்.

16 ஜூலை, புதன்

காற்று இன்று பன்னிரண்டுக்கே வந்துவிட்டது. நூர்ஜஹான் கடையில் அச்செடுத்துக்கொண்டு அஞ்சலையிடம் போனேன். முழுவதும் படித்துக் காட்டினேன். அடியில் 'சரிபார்த்தவர்' கோட்டைக் காட்டினேன்.

"எதுக்கு கையெய்த்து? ரேஷனுக்கா?"

"நான் எழுதினது சரின்னு நீங்க சொல்றதுக்கு."

"உன் எய்த்த நான் சரி பாக்கணுமா? தோ பார்றா!" சிரித்து ஓய ஒரு நிமிடம் ஆனது. பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். மீன் வாசனையோடு அந்தத் தாளையே போட்டோ எடுத்து, 4.10க்கு அனுப்பினேன். விலகல் கடிதத்தை அழித்தேன்.

மாலை வகுப்பு. கேமரா போட்டேன். "சார், லைட் பின்னாடி இருக்கு, முகம் தெரியல" என்றார் ஒருங்கிணைப்பாளர். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பேசக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் நான்கு மூடிக் கதைக்கே போய்விட்டது. பாதியில் நின்றுவிடவில்லை. தப்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். அஞ்சலையின் பெயரைச் சொன்னேன்.

7ஆம் தேதிப் பட்டியலில் எண் 4 தவறு. சரிபார்க்க ஆள் இருந்தார்கள். நான் கேட்கவில்லை.