கோடையில் மட்டும் எண்ணச் சொல்கிறார்கள்

என் மும்தாஜ் கண்ணுக்கு,

நீ கண்மூடிப் போன பிறகு கல்லூரியில் எல்லோருக்கும் நம் குளத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ விலங்கியல், நான் தாவரவியல். பிள்ளைகளைக் குளக்கரைக்குக் கூட்டிப்போக வேன் கேட்டால் நம்மிடம் என்ன சொல்வார்கள்? "ஊருக்கு நடுவுல கெடக்கற சாக்கடைக் குளத்துல என்னங்க ஆராய்ச்சி?" சிங்காநல்லூர் வரை டவுன் பஸ்ஸில் போய், இறங்கி நடப்போம்.

இப்போது வேன் வாசலிலேயே நிற்கிறது. ஆளுக்கொரு பைனாகுலர். கரையில் நிழலுக்குக் கொட்டகை. எல்லாம் கொடுத்தவர், குளத்தை ஒட்டி மனை போட்டு விற்கிறவர். பதிலுக்குப் பறவைகளைப் பற்றி ஓர் அறிக்கை மட்டும் போதுமாம். மனைகளுக்கு அனுமதி வாங்கும் இடத்தில் காட்டவேண்டுமாம்.

கல்லூரி முதல்வர் அறையில் அந்த மனைக்காரரே வந்து சொன்னார்: "சித்திரை, வைகாசி ரெண்டு மாசம் பாத்தாப் போதுமுங்க அம்மணி. அப்பத்தான் பசங்களுக்கும் லீவு."

எனக்குச் சுருக்கென்றது. வலசை வருகிறவை ஐப்பசிக்கு மேல் வந்து பங்குனியோடு கிளம்பிவிடும் என்று முதல் வகுப்பிலேயே சொல்வாயே! கோடையில் பாதிக் குளம் காலி. அதை எண்ணி எழுதி, கீழே கல்லூரி முத்திரையும் குத்திக் கொடுத்தால்? குளத்தில் ஒன்றுமில்லை என்று நம் பிள்ளைகளையே சொல்லவைப்பதுதானே?

"மார்கழியிலயும் பாக்கணுமுங்க. ரெண்டும் சேந்தாத்தான் அறிக்கை," என்றேன்.

"அவ்வளவு நாள் பொறுக்க முடியாதுங்களே," என்றார், சிரிப்பு மாறாமல். முதல்வர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் வேன் வரவில்லை. ரிப்பேராம். "அதனால என்னங்க மிஸ், பஸ்ஸுலயே வாரோம்," என்றார்கள் பிள்ளைகள். வந்தும்விட்டார்கள்.

இன்று முதல்வர் தனியாகக் கூப்பிட்டார். கோடைக் கணக்கோடு அறிக்கையை முடித்து நான் கையெழுத்துப் போட்டால், கரைக் கொட்டகைக்கு உன் பெயரை வைக்கலாமாம். அவராக யோசித்ததா, யாராவது சொல்லிக்கொடுத்ததா? உன் பெயரை அந்தக் கரையில் பார்க்க எனக்கு ஆசை இல்லாமலா இருக்கும்?

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொட்டகை பெயரில்லாமலே இருக்கட்டும். வேறு யாரையாவது பிடித்து அறிக்கை வாங்கினாலும் வாங்குவார்கள். மார்கழியில் பிள்ளைகளோடு நான் கரையில் நிற்பேன். வந்து இறங்குகிற ஒவ்வொன்றையும் எண்ணி, அவர்கள் அறிக்கை வைக்கும் அதே மேசையில் எங்கள் கணக்கையும் கொண்டுபோய் வைப்பேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
கோமதி